டேப்களை மூடச் சொல்லாமல் ஒரு வழி சொல்லுங்கள்: விவால்டியில் நூற்றுக்கணக்கான டேப்கள்

ஆய்வுமாணவி எழுதியது:

வணக்கம். பவளப்பாறைகள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடவே ஒரு பகுதிநேர வேலையும் உண்டு. இரண்டுக்கும் விவால்டி பிரவுசர்தான் பயன்படுத்துகிறேன், எல்லாம் ஒரே விண்டோவில்.

மேலே இருக்கும் டேப் பட்டையில் இப்போது ஒரு தலைப்பும் தெரிவதில்லை, வெறும் ஐகான்கள்தான். ஒரே ஆய்விதழின் கட்டுரைகள் இருபது திறந்திருந்தால் இருபதுக்கும் ஒரே ஐகான். வேண்டியதைப் பிடிக்க ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு மறுபடி தேடித் திறப்பதே சுலபம் என்று திறந்துவிடுகிறேன். அப்படித்தான் ஒரே கட்டுரை மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது.

தயவுசெய்து "தேவையில்லாததை மூடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு ஒவ்வொரு டேப்பும் முடிக்க வேண்டிய ஒரு வேலை. மூடினால் மறந்துபோகும். புக்மார்க்கில் போட்டால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கென்று நல்ல ஏற்பாடு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தும்பி எழுதியது:

முதல் வேலையாக டேப் பட்டையை இடப்பக்கம் மாற்றுங்கள். செட்டிங்ஸில் டேப்ஸ் பகுதிக்குப் போனால் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கும் இருக்கும். இன்றைய திரைகள் எல்லாம் அகலமானவை. பக்கவாட்டில் கொஞ்சம் இடம் கொடுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, முப்பது நாற்பது தலைப்புகளை முழுசாகப் படிக்கலாம். உங்கள் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

வழிப்போக்கன் எழுதியது:

தும்பி சொன்னதை இன்றே செய்துவிடுங்கள். ஆனால் பட்டையை நகர்த்தினால் தலைப்பு தெரியும், அவ்வளவுதான். டேப் குவிவதற்கான காரணம் அப்படியே இருக்கும்.

"ஒவ்வொரு டேப்பும் முடிக்க வேண்டிய வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இப்போது கை வைத்திருக்கும் வேலைக்கான பக்கங்கள் சில இருக்கும். யாரோ பதில் அனுப்ப வேண்டும், ஏதோ ஒரு தேதி வர வேண்டும் என்று காத்திருப்பவை சில. நேரம் கிடைத்தால் படிக்கலாம் என்று வைத்தவை நிறைய. மூன்றும் ஒரே வரிசையில் ஒரே உருவத்தில் நிற்பதால்தான் கண் தடுமாறுகிறது. மூன்றையும் மூன்று இடத்தில் வைத்துப் பழகினால் எத்தனை டேப் இருந்தாலும் பயமில்லை.

முதலில் வொர்க்ஸ்பேஸ். 2023 ஏப்ரலில் வந்த விவால்டி 6.0-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. "கட்டுரை", "அலுவலகம்", "சொந்தம்" என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருக்கும்போது மற்ற இரண்டின் டேப்களும் கண்ணில் படாது, ஆனால் மூடப்படவும் இல்லை. அலுவலக டேப்கள் கண் எதிரே நிற்கிற வரை கட்டுரையில் மனம் நிற்பது கஷ்டம் என்பது என் அனுபவம்.

அடுத்தது ஸ்டாக். ஒரு டேப்பை இன்னொன்றின் மேல் இழுத்து வைத்தால் இரண்டும் ஓர் அடுக்காகும். அந்த அடுக்கை ஒரே இடத்துக்குள் சுருக்கிக் காட்டுவது, இரண்டாவது வரிசையில் விரிப்பது, அக்கார்டியன் போல அங்கேயே விரிந்து சுருங்குவது என்று மூன்று முறைகள் செட்டிங்ஸில் உண்டு. பட்டையை இடப்பக்கம் வைத்துவிட்டு இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்தால், முதல் பத்தியில் அடுக்குகளின் பெயர், அடுத்த பத்தியில் அந்த அடுக்குக்குள் இருக்கும் பக்கங்கள் என்று வரும். உங்கள் வேலைக்கு இதுதான் சரி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டேப்பை ரைட் கிளிக் செய்தால் ஒரே தளத்தின் டேப்களைத் தானாக அடுக்கித் தரும் வசதி இருக்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆய்வு வேலைக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு கட்டுரை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும், எதற்காகத் திறந்தீர்கள் என்பதைச் சொல்லாது. ஒரே ஆய்விதழின் இருபது கட்டுரைகளில் ஐந்து முதல் அத்தியாயத்துக்கு, மூன்று தரவு சரிபார்க்க, மீதி சும்மா. நீங்களே கையால் பிரித்து அடுக்குங்கள்.

பெயரிலும் அக்கறை எடுத்துக்கொள்ளுங்கள். "வெளிறல்" என்று அடுக்குக்குப் பெயர் வைத்தால் அது வெறும் தலைப்பு. "2016 வெளிறல் - வரைபடத்தைச் சரிபார்க்க" என்று வைத்தால், அடுத்த வாரம் திறக்கும்போது எங்கே விட்டீர்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

காத்திருப்பவை டேப்பாகவே இருக்கக் கூடாது. நாட்காட்டியில் தேதியோடு இணைப்பை ஒட்டிவிட்டு மூடுங்கள். டேப்புக்குத் தேதி தெரியாது. உரிய நாளில் அது உங்களைக் கூப்பிடப் போவதில்லை.

படிக்க வேண்டியவற்றுக்கு ரீடிங் லிஸ்ட் இருக்கிறது.

கடைசியாக எஃப்2. அதை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். தலைப்பிலிருந்து இரண்டு சொற்கள் தட்டினால் போதும், திறந்திருக்கும் டேப்பைக் காட்டும். கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு இதற்குக் கை பழகினால் ஒரே கட்டுரையை மூன்று முறை திறப்பது தானாக நின்றுவிடும்.

நிரலாளி எழுதியது:

விவால்டி நல்ல பிரவுசர்தான். ஆனால் ஆய்வு வேலை என்றால் ஃபயர்ஃபாக்ஸில் ட்ரீ ஸ்டைல் டேப் எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரில் நாமாகச் சேர்க்கும் துணை நிரல்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒரு இணைப்பைப் புது டேப்பில் திறந்தால், அது அந்தப் பக்கத்துக்குக் கீழே கிளையாக உட்காரும். அதிலிருந்து இன்னொன்றைத் திறந்தால் அது பேரன். ஒரு மதிப்புரைக் கட்டுரையைத் திறந்து அதன் மேற்கோள்களை வரிசையாகத் திறந்தால், எந்தக் கட்டுரை எதிலிருந்து வந்தது என்ற வழி அப்படியே நிற்கும். வழிப்போக்கன் கையால் செய்யச் சொல்வது இங்கே நீங்கள் படிக்கப் படிக்கத் தானாக நடக்கிறது. வேலை முடிந்ததும் கிளையைச் சுருக்கிவிட்டு அதன் தலையை மூடினால் கிளை முழுக்க மூடும்.

பக்கவாட்டில் டேப் மரம், மேலே வழக்கமான பட்டை என்று இரட்டிப்பாகத் தெரிவது மட்டும் தொந்தரவு. மேல் பட்டையை மறைக்க, ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தை மாற்றும் யூசர்குரோம் சிஎஸ்எஸ் கோப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் 69-இலிருந்து அந்தக் கோப்பை அது தானாகப் படிப்பதில்லை. அபவுட்:கான்ஃபிக் என்ற உள் அமைப்புகள் பக்கத்தில் ஓர் அமைப்பை மாற்றினால்தான் படிக்கும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பில் செங்குத்து டேப்கள் பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அதில் மரம் கிடையாது.

எஃப்2-க்கு இணையான வசதி இங்கேயும் உண்டு. முகவரிப் பட்டையில் சதவீதக் குறி போட்டு ஓர் இடைவெளி விட்டுத் தட்டினால், திறந்திருக்கும் டேப்களில் மட்டும் தேடும். நட்சத்திரக் குறி போட்டால் புக்மார்க்கில் மட்டும்.

பழையபயனர் எழுதியது:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வசதிகளை எல்லாம் தொடக்கத்திலிருந்தே பார்த்துவருகிறேன். 2010 டிசம்பரில் ஆபரா பிரவுசரின் 11-ஆம் பதிப்பில் டேப் ஸ்டாக் வந்தது. மிக அருமையாக இருந்தது. 2013-இல் ஆபரா பக்கங்களைக் காட்டும் தன் எஞ்சினை மாற்றியபோது அது போய்விட்டது. ஆபராவை நிறுவியவர்களில் ஒருவரான யான் வான் டெட்ச்னர் பிறகு விவால்டியைத் தொடங்கியதால்தான் அது திரும்பக் கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 4-இல், 2011-இல், பனோரமா என்று டேப் குழுக்கள் வந்தன. 2016-இல் 45-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். டேப் குழு என்ற வசதி மறுபடி அதற்குள் வர 2025 ஏப்ரல், 138-ஆம் பதிப்பு வரை ஆனது. நடுவில் 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் மொத்தமாக நின்றுபோயின. ட்ரீ ஸ்டைல் டேப்பையே புதிதாக எழுதவேண்டி வந்தது.

ஆகவே என் ஆய்வின் ஒழுங்கை ஒரு பிரவுசரின் வசதிக்குள் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. எந்தப் பதிப்பிலும் எந்தப் பிரவுசரிலும் மாறாதவை இரண்டுதான்: இணைய முகவரி, அதன் பக்கத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரி. ஒரு சாதாரண உரைக்கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முகவரி, எதற்காக வேண்டும் என்று ஒரே ஒரு வரி, அப்புறம் டேப்பை மூடுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. அந்தக் கோப்பே நாளைக்கு மேற்கோள் பட்டியலுக்கு அடித்தளமாகும்.

"மூடச் சொல்லாதீர்கள்" என்றீர்கள். எழுதிவிட்டு மூடச் சொல்கிறேன். அந்த ஒரு வரி இருந்தால் மறதிக்கு இடமே இல்லை.

ஆய்வுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையபயனர் ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேடிக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றுக்கும் நின்று எழுத முடியவில்லை. ஒரு கட்டுரை தேவைப்படுமா என்பதே அதைப் பாதி படித்த பிறகுதான் தெரிகிறது. தேவையா என்று தெரியாதவைதான் என்னிடம் அதிகம்.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை என்றும் நினைக்கிறேன். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் டேப் பழக்கம் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண்ணை விட்டு மறைந்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்தில்தான் பலர் டேப்பை மூடாமல் வைத்திருக்கிறார்கள், அதே நேரத்தில் அந்தக் குவியலே அவர்களுக்குச் சுமையாகவும் இருக்கிறது என்று அதில் வருகிறது. படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

வழிப்போக்கன் எழுதியது:

தேவையா என்று தெரியாதவற்றுக்குத் தனியாக ஓர் அடுக்கு வையுங்கள். பெயர் "பார்க்க வேண்டும்". புதிதாகத் திறப்பது எல்லாம் முதலில் அங்கே. மேலோட்டமாகப் பார்த்து ஒன்று தேறினால் உரிய அத்தியாய அடுக்குக்கு இழுத்துவிடுங்கள், பழையபயனர் சொன்ன ஒரு வரியை அப்போது எழுதுங்கள். தேறாவிட்டால் மூடுங்கள். எழுதும் வேலை தேறியவற்றுக்கு மட்டும்தான் என்பதால் பாரம் இல்லை. உண்மையில் நம் இரண்டு பேர் யோசனையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. டேப் என்பது தேறும் வரைக்குமான இடம், கோப்பு தேறியதற்கான இடம்.

உரைக்கோப்பு தனியாக வேண்டாம் என்றால் விவால்டியில் குறிப்புகளுக்கென்றே பக்கப் பேனல் இருக்கிறது. புக்மார்க்கிலும் விளக்கம் எழுத இடம் உண்டு. நீங்கள் புக்மார்க்கைத் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் அதில் எதற்காக என்று எழுதாததுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சிட்டுக்குருவி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், அவசரம். ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்தேன். எல்லா டேப்களும் போய்விட்டன. ஒரே ஒரு வங்கிப் பக்கம் மட்டும் வந்து நிற்கிறது. முந்தைய டேப்களைத் திறக்கச் சொல்லும் அமைப்பு ஆன் செய்துதான் இருக்கிறது. அண்ணன்மார் யாராவது உடனே சொல்லுங்கள்.

நிரலாளி எழுதியது:

பதற வேண்டாம். அந்த வங்கிப் பக்கம் தனிச் சிறு விண்டோவாகத் திறந்திருந்ததா? பெரிய விண்டோ முதலில் மூடப்பட்டு, சிறியது கடைசியில் மூடப்பட்டிருந்தால், கடைசியாக மூடியதைத்தான் ஃபயர்ஃபாக்ஸ் முந்தைய செஷன் (மூடும்போது திறந்திருந்த விண்டோக்கள், டேப்கள்) என்று எடுத்துக்கொள்ளும். ஹிஸ்டரி மெனுவில் அண்மையில் மூடிய விண்டோக்கள் என்று இருக்கும். அதில் பாருங்கள், பெரிய விண்டோ மொத்தமாக அங்கே கிடைக்கும்.

அங்கே இல்லையென்றால், பிரவுசரைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பழைய காப்பு மேலெழுதப்படும். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். அதற்குள் செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதை அப்படியே முழுசாக வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ரெகவரி என்று தொடங்குபவை இப்போது ஓடும் செஷனுடையவை, ப்ரீவியஸ் என்று தொடங்குவது அதற்கு முந்தையது. வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை பிரவுசர் இதைச் சேமிக்கிறது. காப்பி எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.

சிட்டுக்குருவி எழுதியது:

கிடைத்துவிட்டது அண்ணா! நீங்கள் சொன்ன மெனுவிலேயே இருந்தது. மிக்க நன்றி. இனி இப்படி ஆகாமல் இருக்க?

நிரலாளி எழுதியது:

விண்டோக்களை ஒவ்வொன்றாக மூடாமல் மெனுவிலிருந்து வெளியேறுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ மூன்றும் சேர்த்து அழுத்தினாலும் போதும். எல்லா விண்டோக்களும் ஒரே செஷனாகச் சேமிக்கப்படும்.

ஆய்வுமாணவி, இது உங்களுக்கும்தான். விவால்டியில் செஷனுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கலாம். ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஒரு முறை சேமித்து வையுங்கள். பிறகு டேப்களை மூடவும் தைரியம் வரும்.

தும்பி எழுதியது:

ரேம் பற்றி யாரும் பேசவில்லையே. இருநூறு டேப் திறந்து வைத்தால் கணினி தாங்குமா?

நிரலாளி எழுதியது:

திறந்திருக்கும் டேப் வேறு, உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் டேப் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் பழைய செஷனைத் திறக்கும்போது கண்ணெதிரே இருக்கும் டேப்பை மட்டும்தான் ஏற்றும். மற்றவை தலைப்பாக மட்டும் நிற்கும், தட்டும்போதுதான் பக்கம் வரும். பட்டையில் நிலையாகக் குத்தி வைத்த, அதாவது "பின்" (pin) செய்த டேப்கள் விதிவிலக்கு, அவை தொடக்கத்திலேயே ஏறிவிடும். பிரவுசர் திறக்க நேரமாகிறது என்பவர்கள் இப்படிக் குத்தி வைத்தவற்றை முதலில் எண்ணிப் பாருங்கள்.

விவால்டியில் டேப்பை ரைட் கிளிக் செய்து உறங்க வைக்கலாம், டேப் பட்டையில் நிற்கும், ரேமைப் பிடிக்காது. பின்னணியில் இருப்பவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் உறங்க வைக்கவும் வழி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பாதி நிரப்பிய படிவம் இருக்கும் டேப்பை நாமாக உறங்க வைத்தால், எழுப்பும்போது பக்கம் புதிதாக ஏறும், தட்டியது போய்விடக்கூடும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது. டேப்பை உறங்க வைக்க இனி எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை. டேப்களை நிர்வகிக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் தெரியும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் குரோமில் மிகப் பிரபலமாக இருந்தது. 2020-இல் அது வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை எல்லோருடைய பிரவுசரிலும் முடக்கியது. உறங்க வைத்திருந்த டேப்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்காமல் போயின. அந்த டேப்பின் நீண்ட முகவரிக்குள் கடைசிப் பகுதியில் அசல் முகவரி இருந்ததால், அதை வெட்டி எடுத்து ஒட்டித்தான் மீட்க முடிந்தது. நல்ல மனிதர் எழுதிய எக்ஸ்டென்ஷனும் நாளை யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பிரவுசரிலேயே இருக்கும் வசதிக்கு எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள்.

பழையபயனர் எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன்.

ஆய்வுமாணவி எழுதியது:

நிலவரம் சொல்கிறேன். பட்டை இடப்பக்கம் போய்விட்டது. மூன்று வொர்க்ஸ்பேஸ். "கட்டுரை"யில் அத்தியாயத்துக்கு ஓர் அடுக்கு, தலையில் "பார்க்க வேண்டும்". அடுக்குக்கு வேலையைப் பெயராக வைப்பது இவ்வளவு உதவும் என்று எதிர்பார்க்கவில்லை. காலையில் திறந்ததும் எங்கே தொடங்குவது என்று தெரிகிறது. அலுவலக வொர்க்ஸ்பேஸில் காத்திருப்பவையே பெரும்பாலும் இருந்தன. நாட்காட்டிக்கு மாற்றியதும் அது காலியாகிவிட்டது. குறிப்புப் பேனலில் ஒரு வரி எழுதுவதும் பழகிவருகிறது.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. என் டேப்களில் பாதி பிடிஎஃப். நீண்ட கட்டுரையின் நடுவில் நிறுத்தியிருப்பேன். உறங்கி எழுந்தால் முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பயத்தில் பிடிஎஃப் எதையும் உறங்க வைப்பதில்லை, மூடுவதுமில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

இதற்கு எளிய வழி இருக்கிறது. பிடிஎஃப் முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு, ஆங்கிலத்தில் பேஜ் என்று எழுதி, சமக்குறியும் பக்க எண்ணும் இடைவெளி இல்லாமல் சேருங்கள். 14 என்று கொடுத்தால் நேராகப் பதினான்காம் பக்கத்தில் திறக்கும். குரோம் வகைப் பிரவுசர்களிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வேலை செய்கிறது. படிப்பதை நிறுத்தும்போது அந்த முகவரியையே குறிப்பில் ஒட்டிவிடுங்கள்.

சாதாரண இணையப் பக்கமாக இருந்தால் இன்னும் சுலபம். நிறுத்திய வரியைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால், அந்த வரிக்கு நேராகச் செல்லும் இணைப்பைக் காப்பி எடுக்கலாம். அதைத் திறந்தால் பக்கம் அந்த வரிக்கே இறங்கி, அதை வண்ணமிட்டுக் காட்டும். பக்கத்தை எழுதியவர்கள் அந்த வரியை மாற்றிவிட்டால் மட்டும் வேலை செய்யாது, பக்கத்தின் தொடக்கத்தில் நிற்கும். ஆய்விதழ்க் கட்டுரைகளில் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

ஆய்வுமாணவி எழுதியது:

இப்போதுதான் ஒரு நீண்ட மதிப்புரையில் செய்து பார்த்தேன், நிறுத்திய பக்கத்திலேயே திறந்தது. மீதி பிடிஎஃப்களுக்கும் எண் போட்டுவிட்டு மூடப் போகிறேன்.